ஈயப் புகை

செல்வராசா முதல் தோட்டாவைச் சுட்டதும் புகை கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

குண்டு குறித்தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது. அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம்.

குறிசுடும் கழகத்தின் இறுதிச் சுற்று. ஆளுக்கு ஐந்து தோட்டா. வெல்பவரின் பெயரெழுதிய வட்டப் பலகை அவருடைய வீட்டு முகப்பில் ஏறும். கழகமே கீழே நின்று பார்க்க, வென்றவரே ஏணியில் ஏறி அதை ஆணியடிக்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று வருடம் செல்வராசாதான் அடித்தார். மூன்று முறையும் பக்கத்துத் தடுப்பில் நின்ற கமலநாயகி ஒரே ஒரு புள்ளியில் தோற்றாள். ஒவ்வொரு முறையும் கைகொடுத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாலாவது தடவை பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

விட்டுக்கொடுக்கலாம்தான். ஆனால் வேண்டுமென்றே தள்ளிக் குறிபார்க்க அவருடைய கை சம்மதிக்காது. சம்மதித்தாலும் ஐந்து ஓட்டையும் ஓரமாக, ஒன்றோடொன்று நெருங்கி விழும். கமலநாயகி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். தோல்வி சிதறிக் கிடந்தால்தான் நம்புவாள்.

அதற்குத்தான் ஈயம்.

அவருடைய கைத்துப்பாக்கிக் குழலில் வழக்கமான கூர்விளிம்புப் பள்ளங்கள் கிடையாது. உட்புறம் முறுக்கிவிட்ட அறுகோணம், மூலையெல்லாம் மழுங்கல். செம்பு போர்த்திய குண்டு அதில் வழுக்கிக்கொண்டு போகும். வெறும் ஈயக் குண்டோ போகிற வழியெல்லாம் தன்னை அப்பிக்கொண்டே போகும். அப்பல் கூடக் கூடக் குறி குழம்பும். அப்படிச் சுடவே கூடாது, ஆபத்து என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பயிற்சி என்று சொல்லிக் காலையில் இரண்டு பெட்டி ஈயத்தை அதற்குள்ளால் அனுப்பியிருந்தார் மனுசன். மூளை விடுமுறையில் போயிருந்த காலை அது.

கமலநாயகி தன் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். புகையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். கடைசியாக அவரைப் பார்த்தாள்.

பிறகு கையை உயர்த்தி நடுவர் கிறிஸ்தோப்பரைக் கூப்பிட்டாள். எதிராளியின் துப்பாக்கியில் கோளாறு, துப்புரவாக்கிவிட்டு முதலிலிருந்து சுட வேண்டும் என்றாள். எதிரியே கேட்கும்போது கிறிஸ்தோப்பர் எதற்கு மறுக்கப் போகிறார்?

கழகத்துச் சமையலறையிலிருந்து பானை தேய்க்கும் செம்புக் கம்பிப் பஞ்சு வந்தது. அதைத் தூரிகையில் சுற்றிக் குழலுக்குள் விட்டு அவளே உரசினாள். ஈயம் வெள்ளித் தாள்போல உரிந்து வந்தது. செல்வராசா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழல் பளிச்சென்று ஆன பிறகு, தன் பெட்டியிலிருந்து ஐந்து செம்புத் தோட்டாக்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“எனக்கு ஆரும் விட்டுத்தர வேண்டாம். ஒழுங்காச் சுடுங்கோ.”

ஒழுங்காகச் சுட்டார். உயிரைக் கொடுத்துச் சுட்டார். நாற்பத்தெட்டுப் புள்ளி.

கமலநாயகி நாற்பத்தொன்பது.

தோற்பதில் இவ்வளவு சந்தோசம் இருக்குமென்று செல்வராசாவுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

மாலையில் கழகமே பியர்க் கிளாசும் கையுமாக முற்றத்தில் கூடியது. ஏணி வேறு வீட்டுக்குப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒரே முகவரிதான். மூன்று வருடமும் அவர் மேலே நின்று ஆணியடித்தபோது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கமலநாயகி. இன்று அவள் ஏறினாள், அவர் பிடித்துக்கொண்டார்.

தன் பலகையை அவருடைய மூன்றுக்கும் மேலே வைத்து நாலு அடி அடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தாள்.

“ஏனப்பா, அந்தக் குழல் வெடிச்சிருந்தா நான் என்ன செய்யிறது?”

செல்வராசா ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.