எல்லைக்கல்

அயோவாவில் எங்கள் கவுண்டியில், எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். அதுதான் மரியாதை. பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கிய வெண்டல் ஹூக்ஸ்ட்ரா எனக்கு மட்டும் விரல் தூக்குவதில்லை. எல்லைக்கல் அவனுடைய சோளத்துக்குள் இரண்டடி வந்திருக்கிறதாம்.

"இது உங்கப்பா காலத்துப் பழக்கமா, பெரியவரே?" என்று, நிலம் அளக்க வந்த சர்வேயர் முன்னாலேயே கேட்டான்.

என் தந்தை பிறர் மண்ணில் ஒரு பிடிகூடத் தொடாதவர். அவர் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சர்வேயர் அளந்து, கல்லை இரண்டடி எங்கள் பக்கம் தள்ளிச் சரியான இடத்தில் நட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை அது பழைய இடத்தில் இருந்தது. நான் முக்கித் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி நட்டேன். ஐந்து நாட்கள் இப்படியே நடந்தது. ஈர மண்ணில் பூட்ஸ் தடம் இருந்தது. இடது கால் இழுபட்டிருந்தது. அப்பா அப்படித்தான் நடப்பார்.

கல்லறைக்குப் போய்க் கத்தினேன். "நம்ம வீட்டுல திருடன் கெடையாதுன்னு ஊரு முன்னால சொல்லியிருக்கேன். அது சர்க்கார் அளந்து நட்ட கல்லு. நீங்கதான் எடுத்தீங்க, நீங்களே வந்து வைங்க!"

மறுநாள் கல் வழக்கம்போல அவன் சோளத்துக்குள் இரண்டடி உள்ளேதான் இருந்தது. ஆத்திரத்தோடு குனிந்து தூக்கினேன். வெண்டலின் பிக்கப் வந்து நின்றது.

"உங்களவிட கெழவரு. அவரப் போயி மறுபக்கம் புடிக்க வெச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்றான்.

நான் தனியாகத்தான் போயிருந்தேன். புறப்படும்போது அவன் ஒரு விரலைத் தூக்கினான். எனக்கு அல்ல. கல் அன்று பாதிக் கனம்தான் இருந்தது.