டோரீன் கேட்ட பாட்டு

ஞாயிறு மதியம் மூன்று மணி. சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு சிற்றூர்க் கூடத்து மேடையில் வெர்னா கிதாரோடு உட்கார்ந்திருக்கிறாள். தானே எழுதிய, நாட்டுப்பாட்டு வாடை வீசும் ராக் பாடல்களை ஊர் ஊராகப் பாடியவள். பனிச்சாலையில் அவள் ஓட்டிய வேன் கவிழ்ந்து டிரம்மர் கர்ட்டிஸ் இறந்ததோடு பாடுவதை விட்டாள். ஒன்பது வருஷம் கழித்து இன்றுதான் மறுபடி மேடை ஏறியிருக்கிறாள். ஜன்னல் வெயிலில் கோதுமைத் தூசி மிதக்கிறது. காபிக் கோப்பைகளின் சத்தம் மெல்ல அடங்குகிறது. விரல்கள் வேர்த்துக் கம்பியில் வழுக்குகின்றன. முன்வரிசையில் கர்ட்டிஸின் மனைவி டோரீன் இருக்கிறாள். எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று வெர்னாவுக்குப் பயம். டோரீன் எழுந்து மேடையருகே வருகிறாள்.

“என்னடி, விரல் இப்படி வழுக்குது?”

“நீ வருவேன்னு நினைக்கல.”

“நானும்தான் நினைக்கல. இங்க பாரு, அவரு வாசிச்ச பாட்டு எதுவும் வேணாம். என்னால தாங்க முடியாது. புதுசா இருந்தா பாடு.”

வெர்னா தலையாட்டுகிறாள். புதிதாக அவளிடம் இருப்பது ஒரே ஒரு பாட்டு. இதுவரை யாருக்கும் பாடிக் காட்டாதது. டோரீன் போய் உட்காரும்வரை காத்திருந்து, அவள் முகத்தைப் பார்த்தபடியே வாயைத் திறக்கிறாள். பாட்டின் முதல் சொல் கர்ட்டிஸ்.