பாஸ்டரோட சாட்சி

"எங்கம்மா தாலியக் கழட்டலதான். அப்பா உசுரோட எதிர்ல ஒக்காந்துகினு கீறாரு, எதுக்குக் கழட்டணும்?"

போன்ல அந்தப் பக்கம் பாஸ்டரு என்னவோ சொன்னாரு.

"முழுக்கு ஞானஸ்நானம் வேணான்னு அவளா சொன்னா? வருசா வருசம் வந்து கேட்டா. நீங்கதான் தாலியக் கழட்டுனாத்தான் முழுக்குன்னு திருப்பி அனுப்புனீங்க. இப்ப வந்து முழுக்கு எடுக்கல, விசுவாசி இல்ல, கல்லறையில எடம் இல்லன்னா இன்னா நாயம் இது?"

மறுபடி ஏதோ சொன்னாரு.

"ஆமா, வாய் நீளம்தான். சட்டம் படிக்கிறேன். எங்கம்மாவ எங்க பொதைக்கிறது, அத மட்டும் சொல்லுங்க."

லைன் கட்டாயிடுச்சி.

தமிழ்ச்செல்வி போனத் தூக்கி சேர் மேல போட்டா. வாசல்ல ஐஸ் பெட்டிக்குள்ள அவ அம்மா வேண்டாவோட ஒடம்பு. கண்ணாடி வழியா மணிக்கட்டுத் தழும்பு தெரிஞ்சிது. போன வருசம் பூனை பிறாண்டிடுச்சின்னு அம்மா சொன்ன தழும்பு.

"பாஸ்டருகிட்ட இப்படியா பேசுவ?" சபையில பாட்டு பாடற விஜயகுமாரி அக்கா பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. "கர்த்தரே கை குடுத்துத் தூக்குன மனுசன்டி. போன வருசம் சதுரங்கப்பட்டினம் கடல்ல முழுக்கு குடுக்கும்போது அலை அவர இழுத்துகினு போச்சி. நாங்கல்லாம் பயந்து கரைக்கு ஓடிட்டோம். தண்ணிக்குள்ள ஒரு கை வந்து புடிச்சிதுன்னு அவரு சாட்சி சொல்லாத கூட்டமே இல்ல."

"தெரியும்க்கா. கடைசி வரிசையில நின்னு எங்கம்மாவும்தான் அல்லேலூயா சொன்னா."

தெருவுலேர்ந்து பெரியப்பா காசிநாதன் வந்தாரு. மூஞ்சியே சரியில்ல.

"ஊர்ல இன்னான்றாங்க பெரியப்பா?"

"நம்ம சுடுகாடும் ஆவாதுன்றாங்க. நெத்தியில பொட்டு இல்லாம, கூழ் ஊத்தறதுக்கு வராம, பைபிளத் தூக்கிகினு போனா இல்ல, அங்கயே எடுத்துகினு போன்றாங்க."

"அங்க தாலி கீதுன்றாங்க. இங்க பொட்டு இல்லன்றாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஜிஎஸ்டி ரோடுதான் கீது, அங்க போட்டுடலாமா?"

"பேஜார் பண்ணாதம்மா. ஐஸ் பெட்டிக்காரன் சாயங்காலம் பெட்டிய எடுக்க வந்துடுவான். பேசாம பாஸ்டரு கால்ல வுழுந்துடு."

தமிழ்ச்செல்வி ஐஸ் பெட்டியவே பாத்துகினு நின்னா. காலையிலேர்ந்து எல்லாருகிட்டயும் சண்ட போட்டு தொண்ட கட்டிப் போச்சி. இனிமே யாருகிட்ட போறது?

"சரி. வுழறேன்."

"வுழாத."

சொன்னது அப்பா ஜெகதீசன். சபை வாசப்படியே மிதிக்காத மனுசன். காலையிலேர்ந்து அப்பத்தான் வாயத் தொறந்தாரு.

"அந்தக் கைத் தழும்பு பூனை பிறாண்டுனது இல்ல."

"இன்னாப்பா சொல்ற?"

"முழுக்கு எடுக்கற பொம்பளைங்கள அலையில தாங்கிப் புடிக்க ஒங்கம்மாதான் தண்ணியில நிப்பா. அந்தக் கரையில பொறந்தவளாச்சே. அன்னிக்கி எல்லாரும் ஓடிட்டாங்க, இவ உள்ள போயிட்டா. உசுரு பயத்துல பாஸ்டரு புடிச்ச புடியில இவ மணிக்கட்டுல நகம் எறங்கிடுச்சி. அந்தாண்ட தள்ளிக் கரையேத்துனா, யாரும் பாக்கல. கண்ணு முழிச்சி இவளப் பாத்துக் கும்பிட்டாராம். அடுத்த ஞாயித்துக்கிழமை கர்த்தரோட கைன்னு மேடையில சொல்லிட்டாரு."

"அம்மா ஒண்ணும் கேக்கலயா?"

"நானே கேட்டேன். அவரு சொல்றதும் சரிதானேன்னு சிரிச்சா. யாருகிட்டயும் சொல்லாதன்னா."

விஜயகுமாரி அக்கா கண்ணாடி வழியா அந்தக் கையப் பாத்தாங்க. அப்புறம் தலைய நிமித்தவே இல்ல.

தமிழ்ச்செல்வி போன எடுத்தா. சபை வாட்ஸ்அப் குரூப்பத் தொறந்து, வாய்ஸ் மெசேஜ அமுக்குனா.

"பாஸ்டர், கடல்ல ஒரு கை வந்து ஒங்களத் தூக்குச்சின்னு சாட்சி சொல்வீங்களே, அந்தக் கை எங்க வூட்டு வாசல்ல ஐஸ் பெட்டியில கீது. ஒங்க நகத் தழும்போட கீது. அது சபையச் சேந்ததா இல்லியா? எங்க பொதைக்கட்டும்? எனக்குத் தனியா போன் பண்ணாதீங்க. இதே குரூப்புல, எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க."