ஆறாவது சேனல்

ஹோட்டலில் ஏசி பார்க்கிற பொன்னுச்சாமி அதை நிறுத்தியதும் ஹாலில் சத்தமே இல்லாமல் போனது.

புஜைராவின் இந்த ஹோட்டலில் இப்படி ஓர் அமைதியை இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன்.

“கால் மணி நேரம்தான் பாய். எவனாச்சும் வேர்க்குதுன்னு போன் அடிச்சான்னா, மேனேஜர் என்னைய கலாஸ் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாரு.”

சொல்லிவிட்டுப் போகாமல் கதவில் சாய்ந்துகொண்டான். அவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும்.

மேடையில் கீபோர்டின் முன் வெஸ்னா. எதிரே ஸ்டாண்டில் அவளுடைய செல்போன்.

வெஸ்னா மாசிடோனியாக்காரி. பத்தொன்பது வயதில் அவளே எழுதிப் பாடிய ஒரு பாட்டை அவள் நாடே முணுமுணுத்ததாம். அடுத்த ஆல்பம் விற்கவில்லை. பிறகு கல்யாண வீடுகள், பயணிகள் கப்பல்கள், வளைகுடா ஹோட்டல்கள். இங்கே துறைமுகத்து ஆட்கள் கேட்கிற பழைய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடுகிறாள். நாற்காலிகள் காலியான பிறகு, கடைசியாக, தன்னுடையது ஒன்று.

பாடல் எழுதுவதை மட்டும் அவள் நிறுத்தவே இல்லை.

நான் சவுண்ட் மிக்ஸரின் முன் உட்காருகிறவன். பாட்ஜில் ‘சவுண்ட்’ என்று மட்டும் போட்டிருக்கும். வெஸ்னா என்னை மச்சான் என்று கூப்பிடுவாள். அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

அந்தக் கடைசிப் பாட்டை அவள் ஊரில் நடக்கும் ஒரு பாட்டுப் போட்டிக்கு அனுப்பியிருந்தாள். நேற்று பதில் வந்தது. பாட்டு பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டாம் குரல் முன்பே பதிவு செய்தது. அது கூடாது. எல்லாக் குரலும் நேரில் பாடியதாக, வெட்டாத ஒரே வீடியோவாக, இன்று மாலைக்குள் வேண்டும்.

ஹோட்டலோடு அவள் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. இன்னொரு வருடம் அடுத்தவர் பாட்டைப் பாட மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். வேறு வேலை கையில் இல்லை. இந்தப் பாட்டுதான் இருக்கிறது.

அதில் ஏரியைக் கடந்து போன ஒருத்தி, வந்த வழியைக் கேட்கிறாள். இரண்டாம் குரல் பதில் சொல்கிறது. பதிலில் சொல்லே கிடையாது. வெறும் ஹம்மிங்.

துபாயிலிருந்து ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண்ணை அதற்கு வரவழைக்கிறேன் என்று வெஸ்னா நேற்று சொன்னாள். அவளுக்குச் சுருதி நிற்காது என்றேன். அந்தப் பெண் பாடி நான் கேட்டதே இல்லை.

இரண்டாம் குரலை எடுத்துவிடு, தனியாகவே பாடு என்றேன்.

இப்போது தனியாகப் பாடினாள். முதல் கேள்வி வந்தது. பதில் வர வேண்டிய இடத்தில் கீபோர்டு மட்டும் நடந்தது. இரண்டாவது கேள்வியில் கையை எடுத்துவிட்டாள்.

ஹால் சூடேறத் தொடங்கியிருந்தது. அவள் கண் மை கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. பொன்னுச்சாமி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

வெஸ்னா எழுந்து போய் இன்னொரு மைக் ஸ்டாண்டைத் தூக்கி வந்து தனக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் உயரத்தை ஏற்றினாள். என் உயரத்துக்கு.

என்னால் முடியாது என்று கையை ஆட்டினேன்.

“தினமும் அந்த இடம் வரும்போது உன் உதடு அசைகிறது, மச்சான். மேடையிலிருந்து எல்லாம் தெரியும்.”

நான் மிக்ஸரைப் பார்த்தேன். ஒவ்வொரு சேனலின் கீழும் வெள்ளை டேப் ஒட்டி, இது பாட்டு மைக், இது கீபோர்டு, இது கிட்டார் என்று எழுதியிருப்பேன். ஆறாவதில் டேப் மட்டும் உண்டு. எழுத்து இல்லை. இரண்டாம் குரல் அதில்தான் வரும். அதன் வால்யூம் ஏற்றியபடியே இருக்கும். நான் அதை இறக்குவதில்லை.

இறக்கினேன். மெதுவாக, பாட்டு முடியும்போது இறக்குவதைப் போல.

பிறகு மேடைக்குப் போனேன்.

வெஸ்னா கேட்டாள். நான் பதில் சொன்னேன். ஒரு ஸ்தாயி கீழே, என் குரல் எட்டுகிற இடத்தில். இரண்டாவது கேள்வி. மூன்றாவது. ஓரிடத்தில் மூச்சு போதவில்லை. வெஸ்னா கீபோர்டில் காத்திருந்தாள். மூச்சை எடுத்து முடித்தேன்.

கடைசி ஸ்வரம் அடங்குகிறவரை யாரும் அசையவில்லை. பொன்னுச்சாமி ஏசியைப் போடப் போனான்.

இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேட்டேன். அந்த மூச்சுக்காக.

தேவையில்லை, இதுதான் போகிறது என்றாள் வெஸ்னா. மேடை விளிம்பில் உட்கார்ந்து அனுப்பத் தொடங்கினாள். இரண்டாம் குரலுக்கு என்ன பெயர் போடட்டும் என்று கேட்டாள்.

போன வருடம் ரமலானில் ஹோட்டலில் பாட்டு நிறுத்தியிருந்தார்கள். ஹால் காலியாக இருந்தது. ஏசியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இந்த இடத்தில் நின்றுதான் ஹாலிதா அந்த இரண்டாம் குரலைப் பாடிக் கொடுத்தாள். என் மனைவி, இங்கே ரிசர்வேஷனில் போன் எடுத்தவள். ஆட்கள் முன்னால் மேடையில் நிற்க மாட்டேன், எங்கேயும் பேர் வரக்கூடாது, கீழக்கரையில் வாப்பா காதுக்குப் போனால் வம்பு என்றாள். அதனால்தான் ஆறாவது டேப்பில் நான் எதுவும் எழுதவில்லை.

நோன்பு முடிந்த எட்டாம் மாதம் இறந்துபோனாள்.

ஏசி காற்று முகத்தில் பட்டது.

உஸைர் என்று போடச் சொன்னேன்.

வெஸ்னாவின் விரல் நின்றது. அது யார் என்று கேட்டாள்.

என்னை வெஸ்னாவிடம் கூட்டிவந்து காட்டியது ஹாலிதா. ஹாலிதா எந்த நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மச்சான்தான்.