வெள்ளத்துக்கு முன் திறந்த அணை

அணை நிரம்பியிருந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. தூரத்துக் கடல்கள் சூடேறியிருப்பதைப் பழைய வெள்ளக் காலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பொறியாளர் செண்பகவல்லி, இந்த மாதமே ஆறு பெருகும் என்று கணித்து, ஷட்டரைத் திறக்க முடிவு செய்தாள். பாசனத் தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அவளுடைய அண்ணன் மாசானமே ஊரைத் திரட்டி வந்து மறித்தார்.

“மழை பெய்யாட்டி வயக்காடு என்னத்துக்கு ஆகும்?”

“நெறஞ்ச அணைக்கு வெள்ளம் வந்தா ஊரே இருக்காதுண்ணே.”

“நீ சொன்னது தப்பாப் போச்சுன்னா?”

“நம்ம வயலும் சேந்துதான் காயும். இருந்தாலும் தொறப்பேன்.”

பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் இரைந்து இறங்கியது.

மாசானம் கரையிறங்கிப் போனார். சுள்ளென்ற வெயிலில் ஆற்றோர வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

“சாமான எடுத்துட்டு மேட்டுக்குப் போங்க. வெள்ளம் வரும்னு என் தங்கச்சி சொல்லுதா.”