பணி ஓய்வு பெற்ற நாய்

"நாய்க்குப் பொழுது போகலைங்கிற வியாதி இந்த உலகத்துலயே கிடையாது. நாற்பது வருஷம் மலையில நாய்களோட வாழ்ந்தவன் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ."

ஜுமாதில் இதைச் சொன்னது கால்நடை மருத்துவர் பெகாயிமிடம். தலைநகர் பிஷ்கெக்கில் படிப்பை முடித்து ஊருக்கு வந்து மூன்றே மாதம் ஆன அந்தப் பெண் கையில் பேனாவோடு நின்றிருந்ததால், நிஜமாகவே எழுதிக்கொள்ளப் போகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது.

அவர்கள் நின்ற முற்றத்தில் ஐந்து குழிகள் இருந்தன. ஐந்தாவதன் ஓரத்தில், கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பெயர் மொய்னோக். இரண்டு முறை ஓநாய்களிடமிருந்து மந்தையை மீட்ட நாய்.

இந்த வசந்தத்தில்தான் மகன் மந்தையை ஓட்டிக்கொண்டு கோடை மேய்ச்சலுக்கு மலையேறினான். மொய்னோக்குக்குப் பின்னங்கால் நொண்டல், ஜுமாதிலுக்கு முழங்கால் வலி. "நீங்க ரெண்டு பேரும் வீட்டைப் பாத்துக்குங்க" என்று ஒரே வாக்கியத்தில் இருவருக்கும் பணி ஓய்வு கொடுத்துவிட்டுப் போய்விட்டான். போன வாரம் முற்றத்தில் முதல் குழி விழுந்தது.

"வேலை செஞ்சே பழகின ஜீவன், பெரியப்பா" என்றாள் பெகாயிம். "திடீர்னு சும்மா உக்காரச் சொன்னா எதையாவது நோண்டத்தான் தோணும்."

அவள் சொன்ன வைத்தியம் இதுதான். தினமும் இரண்டு மணி நேரம் கயிற்றில் பிடித்து நடக்க அழைத்துப்போக வேண்டும். எதையாவது தூக்கி எறிந்து எடுத்துவரச் சொல்ல வேண்டும். அவ்வப்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

ஜுமாதில் சிரித்த சிரிப்பில் மொய்னோக் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது.

"நாயைக் கயிறு கட்டி உலாத்தணுமா? அப்புறம் வெயில் அடிக்குதுன்னு குடை பிடிக்கச் சொல்லுவே. மலையில என் நாய்தான் என்னை அழைச்சிட்டுப் போச்சு, தாயி. நான் அதை இல்ல."

மருத்துவரை அழைத்துவந்த மனைவி கலிச்சா, கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒரு வாரம்" என்றாள். "அதுக்குள்ள குழி நிக்கலைன்னா இது என் தம்பிகிட்டப் போகுது."

அவள் தம்பிக்கு நகரத்தில் சிமெண்ட் கிடங்கு. அங்கே நாய்க்கு ஒன்றரை முழச் சங்கிலி. ஜுமாதில் சிரிப்பை நிறுத்தினார்.

மறுநாளே போர் தொடங்கியது. குழிகளில் கல்லை நிரப்பினார். பக்கத்தில் புதுக் குழி விழுந்தது. மிளகாய்த்தூள் தூவினார், காற்று திரும்பி, மதியம் வரை தும்மியவர் அவர்தான். நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். ஒரு குழியும் இல்லை. கண் அசந்து உள்ளே போய்ப் படுத்தார், இரண்டு குழி. ஓடிவந்து பார்த்தால் மொய்னோக் அதே இடத்தில் தூக்கம்.

ஜுமாதிலுக்குக் கோபத்தோடு பெருமையும் வந்தது. எவ்வளவு தோண்டினாலும் கலிச்சாவின் வெங்காயப் பாத்தியை மட்டும் அது தொடவில்லை. பாதத்தில் ஒரு பொட்டு மண் கிடையாது. கழுவிக்கொண்டு வேறு வந்துவிடுகிறது என்று தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னார். தன் வளர்ப்பு அப்படி என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கலிச்சா தம்பியிடம் தொலைபேசியில் பேசுவது காதில் விழுந்தது. வண்டி எப்போது அனுப்புவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலை, ஜுமாதில் கயிற்றைக் கோட்டின் கைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டார். பெஞ்சுக்காரர்கள் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாகவே மொய்னோக்கை ஆற்றுக்கு நடத்திப்போனார்.

அங்கே ஒரு குச்சியை எறிந்தார். நாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. எலும்பை எறிந்தார். அங்கேயே போய் உட்கார்ந்து தின்றது. கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தலையிலிருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். கல்பாக். தரையில் வைத்தாலே குற்றம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அதை விசிறி எறிந்தார்.

மொய்னோக் நொண்டலை மறந்து பாய்ந்தது. கல்பாக்கோடு திரும்பி வந்தது. மறுபடி எறிந்தார். முழங்காலை மறந்து அவரும் பின்னால் ஓடினார். ஏழாவது எறியில் தொப்பி ஆற்றில் விழுந்தபோது, அங்கே யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அது தான்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரமாயிற்று.

சொட்டச் சொட்ட நனைந்த கல்பாக்கோடு தெருவில் நடக்க முடியாது. மாற்றுத் தொப்பி எடுக்கக் கொல்லைப்புறமாகவே வீடு திரும்பினார்.

சுவரருகே வந்ததும் நின்றுவிட்டார். முற்றத்தில் கலிச்சா மண்வெட்டியோடு குனிந்து தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு உர்குயா சுவரில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குக்கா தோண்டப் போறீங்க?"

"டாக்டர் பொண்ணு ஒரு மாசம்னு சொல்லியிருக்கு" என்றாள் கலிச்சா, மூச்சு வாங்கிக்கொண்டு. "அந்த வாயில்லாப் பிராணிக்கு ஒண்ணும் இல்லடி. இந்த மனுஷன்தான் வசந்தத்துலேருந்து அடுப்படியிலயே உக்காந்து, பௌர்சோக் பலகாரத்தை எண்ணெயில எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குப் பாடம் எடுத்துட்டிருந்தாரு. அதுக்குத்தான் வைத்தியம் கேட்டேன்."

ஜுமாதில் மொய்னோக்கைப் பார்த்தார். மொய்னோக் அவரைப் பார்த்தது. அதன் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை.

மறுநாள் காலை ஜுமாதில் புதுக் குழியின் ஓரத்தில் நின்று, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி நாயை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஆற்றுப் பக்கம் நடந்தார்.