மரண அறிவித்தல் நேரம்

“சாவுச் சேதி கேக்கறதுக்கு இப்பிடி ஓடியாற ஊடு இந்த லைன்ல உங்குளுது ஒண்ணுதானுங்க அக்கா” என்று சிரித்தான் மருதாசலம். தேயிலை ஃபேக்டரியில் லாரி ஓட்டுபவன். அதே லைன் வீட்டு வரிசையில் பக்கத்து வீடு.

இசக்கியம்மா கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் ரேடியோவைத் திருகினாள்.

மாலை ஐந்தரை. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் நேரம்.

கண்டிப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி, நீலகிரியில் இந்தக் கட்டபெட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அக்கரையில் சொந்தக்காரர் யார் செத்தாலும், கடிதம் வருவதற்குள் காரியமே முடிந்திருக்கும். ரேடியோதான் முந்திச் சொல்லும்.

அவளுடைய ஒரே அண்ணன் செல்லக்கண்ணு கிளிநொச்சியில் இருந்தார்.

அவளுடைய ஒரே மகன் பொன்ராஜும் இப்போது அந்தப் பக்கம்தான் இருந்தான். அமைதி காக்கப் போன இந்தியப் பட்டாளத்தில்.

இரண்டு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. ஆனால் பட்டாளத்தில் ஒன்று என்றால் தந்தி வரும். தந்தி வரவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்காக மட்டும்தான் ரேடியோ.

ஜன்னல் கம்பி வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

“நம்ம ஆளுங்க போனது நாயந்தானுங்க” என்றான் மருதாசலம். “பக்கத்து ஊடு பத்தி எரியறப்ப, கூப்பிட்டாத்தான் வருவேன்னு நிக்க முடியுங்களா?”

கட்டிலில் கம்பளியோடு கிடந்த அவள் புருஷன் முனியசாமி தலையை மட்டும் தூக்கினார்.

“அணைக்கப் போனவன் அணைச்சுட்டுத் திரும்பணும்யா. வருஷம் ஒண்ணாச்சு. அந்த வீட்டுக்குள்ளயே நின்னு சுட்டுக்கிட்டிருக்கான்.”

“பையன அனுப்பிப்போட்டு நீங்களே இப்பிடிப் பேசலாமுங்களா?”

“அவன் அங்க நிக்கிறதாலதான் பேசுறேன்.”

“செத்த சும்மா இருங்க ரெண்டு பேரும்!” என்றாள் இசக்கியம்மா.

ரேடியோவில் பின்னணி இசை தணிந்தது. அறிவிப்பாளரின் குரல் அவசரமில்லாமல் வந்தது.

“கிளிநொச்சியை வசிப்பிடமாகக் கொண்ட மூக்கன் செல்லக்கண்ணு அகால மரணமானார்.”

இசக்கியம்மாவின் கை வாய்க்குப் போனது.

“அன்னார், காலஞ்சென்ற மூக்கன், மூக்கம்மா தம்பதிகளின் அருமை மகனும்...”

அப்பாவும் அம்மாவும்.

“இந்தியா, கட்டபெட்டு இசக்கியம்மாவின் அன்புச் சகோதரனும்...”

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, முன்பின் பார்க்காத ஒருவர், அவள் பெயரை அவள் வீட்டுக்குள் சொன்னார்.

“காலஞ்சென்ற பொன்ராஜின் பாசமிகு தாய்மாமனும் ஆவார்.”

இசை வந்தது. அடுத்த பெயர். பருத்தித்துறையில் யாரோ ஒரு பாட்டி.

மருதாசலம் மெல்ல எழுந்து நின்றான்.

“தப்பு” என்றார் முனியசாமி. கம்பளி தரையில் விழுந்து கிடந்தது. “எழுதிக் குடுத்தவங்களுக்குக் கை தவறியிருக்கு. பட்டாளத்துக்கே தெரியாதது இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஆமாங்க. தந்தி வரலீங்களே.”

“அவன் மாமன் வீட்டு வாசலையே மிதிச்சிருக்க மாட்டான். சொந்தம் கிந்தம்னு எங்கயும் போயிடாதடான்னு நானே எழுதிப் போட்டேன். நீயும் பாத்தேல்ல? சொல்லு இசக்கி!”

அவள் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஊர், உறவு, இறுதிக் கிரியை நடக்கும் நேரம்.

முனியசாமி எழுதிய அந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டது அவள்தான். ஒட்டுவதற்கு முன்னால், மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில், துண்டுத்தாள் ஒன்றை உள்ளே வைத்திருந்தாள்.

மாமா வீட்டு விலாசம். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும். வாசலில் என்ன மரம்.

அதற்குக் கீழே இரண்டு வரி:

‘தனியாகப் போ. துப்பாக்கியைக் கொண்டு போகாதே, பிள்ளைகள் பயந்துகொள்ளும்.’